வாசலில் வேப்பிலை இல்லாத நோய்

காவிரி நாட்டுச் சரித்திரம் – 17

அம்மை கண்ட வீட்டுக்கு நம் ஊர்களில் ஓர் அடையாளம் உண்டு. நிலைப்படியில் வேப்பிலைக் கொத்தைச் செருகிவிடுவார்கள். அதைக் கண்டால் யாசகம் கேட்டு வருபவர்கூட வாசலில் நிற்காமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். அந்த வீட்டில் தாளிக்க மாட்டார்கள். வெளியூர் போய்த் திரும்பியவர் நேரே உள்ளே நுழைய மாட்டார். 'ஆத்தா வந்திருக்கா' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தெருவே குரலைத் தாழ்த்திக்கொள்ளும். நோயாளி தனியே கிடத்தப்பட்டார், ஆனாலும் யாரும் அவரை இழிவாகப் பேசவில்லை. தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது என்பது குழந்தைக்கும் தெரிந்திருந்தது.

இத்தனை ஒழுங்கு இருந்தும் அம்மை கொன்றது. 1889ஆம் ஆண்டுவாக்கில் தஞ்சாவூர் ஜில்லாவில் மட்டும் சுமார் 4,000 பேர் அம்மையில் இறந்தார்கள். அந்த டிசம்பரில் அம்மை வார்த்துப் பிழைத்த கும்பகோணத்துக் குழந்தை ஒன்றுக்கு அப்போது இரண்டு வயது. பின்னாளில் கணித மேதை சீனிவாச ராமானுஜன் என்று உலகம் அறிந்த அந்த முகத்தில் அம்மைத் தழும்புகள் கடைசிவரை இருந்தன.

கொடிய நோய்தான். ஆனால் அம்மையை எப்படி எதிர்கொள்வது என்று ஊருக்குத் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் காவிரிக் கரைக்கு வந்த இன்னொரு நோய்க்கு ஊரிடம் எந்த அடையாளமும் இல்லை, எந்த முறையும் இல்லை. அதுதான் வாந்திபேதி என்கிற காலரா. பயம் வந்துவிடுகிறது, செய்தி வரவில்லை என்றால் ஒரு ஊர் என்ன ஆகும் என்பதை அந்த நோயின் கதையில் பார்க்கலாம்.

ஒரே பகலில்

காலையில் மடையைத் திறந்துவிட வயலுக்குப் போனவர் உச்சிவேளையில் வரப்பிலேயே உட்கார்ந்துவிடுவார். அரிசி கழுவிய தண்ணீரைப் போல வயிற்றுப்போக்கு. அதோடு வாந்தி. சில மணி நேரத்தில் உடம்பு நீரின்றி வறண்டுவிடும். கண்கள் குழி விழும். கெண்டைக்கால் சதை முறுக்கிக்கொண்டு நிற்கும். விரல் நுனிகள் நாளெல்லாம் தண்ணீரில் கிடந்தவை போலச் சுருங்கிவிடும். குரல் கம்மி, தாகம் தாகம் என்று உதடு மட்டும் அசையும். பலருக்குப் பொழுது சாய்வதற்குள் முடிந்துவிடும். நினைவு மட்டும் பெரும்பாலும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்பதுதான் பக்கத்தில் இருந்தவர்களை உலுக்கியது.

அம்மைக்கு வாரக்கணக்கு உண்டு. இதற்கு மணிக்கணக்குதான். சாமிக்கு முடிந்துவைக்க மஞ்சள் துணி தேடுவதற்குள் ஆள் போய்விடுவார்.

நீர்வளத்தால் வாழ்ந்த நாடு இது. அந்த நீர்வளத்தின் வழியேதான் இந்த நோயும் நடந்தது. மேட்டூர் அணை 1934இல் வருவதற்கு முன் கோடையில் காவிரி மணலாகக் கிடக்கும். ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடித்தார்கள், குளத்தில் மொண்டு குடித்தார்கள். மழைக்காலம் தொடங்கிப் புதுத்தண்ணீர் வந்ததும் வாய்க்கால் கரைகளில் சேர்ந்திருந்த கழிவெல்லாம் கரைந்து கடைமடைவரை போகும். குளிப்பதும் துவைப்பதும் மாடு கழுவுவதும் குடிப்பதும் ஒரே வாய்க்காலில்தான். நன்னீரும் கடல்நீரும் கலக்கும் கழிமுகம் காலராக் கிருமிக்கு ஏற்ற இடம் என்பது இன்று நமக்குத் தெரியும். அன்று யாருக்கும் தெரியாது. லண்டனில் ஜான் ஸ்நோ ஒரு தெருக் குழாயைக் காட்டி 'தண்ணீரைப் பாருங்கள்' என்று சொன்னதே 1854இல்தான். கல்கத்தாக் குளத்து நீரில் ராபர்ட் கோஹ் கிருமியைக் கண்டுகாட்டியது 1884இல்.

எல்லீசரின் கிணறும் கடிதமும்

1817 ஆகஸ்டில் வங்காளத்தின் ஜெஸ்ஸூரில் பெரிதாக வெடித்த காலரா, கம்பெனிப் படைகளோடும் யாத்திரிகர்களோடும் வியாபாரிகளோடும் தெற்கே இறங்கியது. 1818 அக்டோபரில் சென்னைக்கு வந்துவிட்டது. ஆண்டு முடிவதற்குள் இலங்கையிலும் கண்டது. இரண்டுக்கும் நடுவே கிடப்பது நம் சோழமண்டலக் கரை.

அப்போது தஞ்சையில் சரபோஜி மன்னர் இருந்தார். மேலைநாட்டு மருத்துவ நூல்களைத் தேடித்தேடி வாங்கிச் சேர்த்தவர், தன்வந்திரி மகால் என்ற மருத்துவ நிலையத்தை நடத்தியவர். அவர் அரண்மனையில் புத்தகங்கள் இருந்தன. ஊரில் செய்தித்தாள் இல்லை. சென்னையில் 1785 முதல் 'மெட்ராஸ் கூரியர்' வந்துகொண்டிருந்தாலும் அது ஆங்கிலத்தில், ஐரோப்பியர்களுக்காக வந்தது. திருவாரூரிலோ மன்னார்குடியிலோ இருந்த ஒரு தமிழருக்கு நோய் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்ல எந்த ஏடும் இல்லை. வழிப்போக்கர் சொன்னதுதான் செய்தி. அதனால் நோய்க்கு முன்னால் வதந்தி வந்தது, வதந்திக்கு முன்னால் பயம் வந்தது.

அந்தச் சமயத்தில் சென்னையில் கலெக்டராக இருந்தவர் எல்லிஸ். எல்லீசன் என்று தன் பெயரைத் தமிழில் வழங்கிக்கொண்டவர், திருக்குறளுக்கு உரை எழுதத் தொடங்கியவர், தென்னிந்திய மொழிகள் தனிக் குடும்பம் என்று 1816லேயே எழுதியவர். 1818இல் சென்னையில் குடிநீர்த் தட்டுப்பாடு வந்தபோது 27 கிணறுகளை வெட்டுவித்தார். ராயப்பேட்டை பெரியபாளையத்தம்மன் கோயிலில் இருந்த கிணற்றுக் கல்வெட்டு அதற்குச் சாட்சி. நகரத்தில் வாந்திபேதி நுழைந்த அதே ஆண்டு, அந்த நோயை நிறுத்தக்கூடிய நல்ல தண்ணீருக்கு அவர் வழி செய்திருந்தார். அதுதான் மருந்து என்று அவருக்கும் தெரியாது.

1819 ஜனவரியில் மெட்ராஸ் கூரியரில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் பெயர் 'கல்வி விரும்பன்'. அம்மை குத்திக்கொள்ளும் முறை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது அல்ல, தன்வந்திரி அருளியதாகச் சொல்லப்படும் 'சாக்தேய கிரந்தம்' என்ற வடமொழி நூலிலேயே இருக்கிறது என்றது அந்தக் கடிதம். அம்மைப்பால் குத்துதல் இந்தியாவுக்கு வந்து பதினேழு ஆண்டுகூட ஆகாத நேரம் அது. ஆத்தாளின் கோபத்துக்குப் பயந்து மக்கள் கையை நீட்ட மறுத்தார்கள். அந்தத் தயக்கத்தைப் பழைய நூலின் பெயரால் கரைக்க முயன்ற கடிதம் இது. இதன் பின்னால் எல்லிஸ் இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நல்லெண்ணத்தில் சொன்ன பொய். ஆனால் அது நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஐரோப்பியப் புத்தகங்களுக்குப் போய், மெய்யான சரித்திரம் போல ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக எழுதப்பட்டது. இன்றைக்கும் அதை உண்மை என்று நம்புகிறவர்கள் உண்டு.

அந்தக் கடிதம் வெளிவந்து இரண்டு மாதத்தில், 1819 மார்ச்சில், ராமநாதபுரத்தில் எல்லிஸ் இறந்துபோனார். மருந்தென்று நினைத்துத் தவறுதலாக விஷத்தை அருந்திவிட்டார். பிறகு வந்த ஆங்கில வாழ்க்கைக் குறிப்புகளிலோ அவர் காலராவில் இறந்ததாகவே எழுதினார்கள். காலரா பரவிய காலத்தில் யார் திடீரென்று இறந்தாலும் காலரா என்றே எழுதத் தோன்றும். கற்றவர்கள் எழுதிய நூலுக்கே இந்தக் கதி என்றால், ஊர்த்திண்ணையில் நடந்த பேச்சைப் பற்றி என்ன சொல்ல?

கோயில்களும் எல்லைகளும்

செய்தி இல்லாத ஊர் தெய்வத்திடம் போனது. இதைக் குறைவாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டெல்டாவின் வரைபடத்தை விரித்தால் நோய்க்கு நேர்ந்துகொள்ளும் தலங்கள் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. செவ்வாயின் தலமான வைத்தீஸ்வரன் கோயிலில் சுவாமியின் பெயரே வைத்தியநாதர். வேளாங்கண்ணியில் ஆரோக்கிய மாதா. நாகூரில் ஆண்டவர் தர்கா, அதன் மிக உயரமான மினாராவைக் கட்டிக்கொடுத்தவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிம்மன். தஞ்சைக்குப் பக்கத்தில் புன்னைநல்லூர் மாரியம்மன், புற்று மண்ணால் ஆன திருமேனி. நோயில் கண்ணொளி இழந்த துளஜா மன்னரின் மகள் அங்கே பார்வை பெற்றாள் என்பது தலவரலாறு.

வலங்கைமானில் பங்குனியில் பாடைக்காவடி எடுப்பதை இன்றும் பார்க்கலாம். சாகக் கிடந்து பிழைத்தவர், பச்சை மூங்கிலில் கட்டிய பாடையில் நெற்றிக் காசும் மாலையுமாகப் படுத்துக்கொள்கிறார். சொந்தக்காரர்கள் தோள் கொடுக்கிறார்கள். முன்னால் தீச்சட்டி போகிறது. கோயிலைச் சுற்றி வந்து இறக்கியதும் பூசாரி தீர்த்தம் தெளிக்க, பாடையிலிருந்து அவர் எழுந்து உட்காருகிறார். சாவைப் பக்கத்தில் பார்த்துவிட்ட ஒரு சமூகம் தன் பயத்தை எல்லோர் முன்னாலும் வைத்து இறக்கும் வழி இது. நேர்ந்துகொண்டவர் என்ன சாதி, எந்த மதம் என்று நாகூரிலும் வேளாங்கண்ணியிலும் யாரும் கேட்டதில்லை.

ஆனால் எல்லாச் சடங்கும் இப்படி ஆற்றுப்படுத்தவில்லை. நோயை ஊர் எல்லைக்கு வெளியே அனுப்பும் சடங்கு ஒன்றும் இருந்தது. நம் எல்லைக்கு வெளியே என்றால் அடுத்த ஊரின் எல்லைக்குள் என்று பொருள். இந்தியாவின் பல பகுதிகளில் இதனால் ஊருக்கும் ஊருக்கும் கைகலப்பு நடந்திருக்கிறது. பயம் அதிகமானால் வெளியாளைத் தேடும் வழக்கம் இங்கேதான் தொடங்குகிறது.

ஊருக்குள்ளேயே வெளியாட்களாக வைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். சேரிக்கு ஊர்க்கிணறு கிடையாது. வாய்க்காலின் கீழ்ப்பக்கத்துத் தண்ணீரும் குட்டைத் தண்ணீரும்தான் அவர்களுக்கு. நடவுக்கும் அறுப்புக்கும் இறங்கும் பண்ணையாட்கள் தாகம் எடுத்தால் வயல் நீரைத்தான் அள்ளிக் குடிக்க வேண்டும். ஊரில் நோய் விழுந்தால் தமுக்கடித்துச் சொல்வதும், பிணத்தை எடுப்பதும், குழி வெட்டுவதும் அவர்கள் தலையில். நோய்க்கு மிக அருகில் நிறுத்தப்பட்டவர்களையே நோயைக் கொண்டுவருபவர்கள் என்று ஊர் சொன்னது. நல்ல தண்ணீரை மறுத்த கை எது என்று யாரும் கேட்கவில்லை.

தாது வருஷம்

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைச் சுருட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் காவிரிப் பாசனம் தஞ்சாவூரைக் காத்தது. இங்கே நெல் இருந்தது. அதனால் நெல் இல்லாத ஜில்லாக்களிலிருந்து மக்கள் கூட்டம்கூட்டமாக இங்கே நடந்து வந்தார்கள். பசியில் கண்ட தண்ணீரைக் குடித்துக்கொண்டு வந்தவர்களோடு காலராவும் வந்தது. 1877ஆம் ஆண்டில் மட்டும் சென்னை மாகாணத்தில் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் காலராவில் இறந்ததாக அரசுக் கணக்கு.

சோறு தேடி வருகிறவன் நோயையும் கொண்டுவருகிறான் என்றால் கதவைத் திறப்பதா, அடைப்பதா? இந்தக் கேள்வி அன்று ஒவ்வொரு ஊரின் முன்பும் நின்றது. மாயூரத்தில் ஒருவர் திறந்தார். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய, முன்னாள் முன்சீப் வேதநாயகம் பிள்ளை. தன் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சித்தொட்டி வைத்தார். அதைப் பார்த்து நெகிழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் பாட்டாகவே பாடினார். அச்சுத்தாள் எட்டாத ஊருக்கும் பாட்டு போய்ச் சேரும். 'இப்படியும் ஒருவர் செய்கிறார்' என்ற செய்தி அப்படித்தான் பரவியது.

சென்னையில் அச்சு வேறொரு வேலை செய்தது. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் என்று இந்திய அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்ட் டெம்பிள் கூலியைக் குறைத்தபோது, மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர் கார்னிஷ், அது உயிர்வாழப் போதாது என்று பகிரங்கமாக எதிர்த்தார். 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் டிக்பி, அரசு மறைக்க விரும்பிய சாவுகளை எழுதிக்கொண்டே இருந்தார். 1877 ஆகஸ்டில் சென்னையில் கூடிய பொதுக்கூட்டம் லண்டனுக்குத் தந்தி அடித்தது. அங்கே நிதி திரண்டது. சாவின் எண்ணிக்கையை அச்சில் பார்த்தபிறகுதான் கடல் கடந்து மனம் இளகியது.

பஞ்சம் ஓய்ந்த கையோடு, 1878 செப்டம்பரில், கடன் வாங்கிய ஒன்றேமுக்கால் ரூபாயில் 80 பிரதிகள் அச்சிட்டு 'தி ஹிந்து' தொடங்கியது. தொடங்கிய ஆறு இளைஞர்களில் முதன்மையானவர் ஜி. சுப்பிரமணிய ஐயர், நம் திருவையாற்றுக்காரர். ஆங்கிலம் படித்தவர்களுக்கு மட்டும் செய்தி போதாது என்று 1882இல் அவரே 'சுதேசமித்திரன்' கண்டார். 1899இல் அது நாளிதழானது. எங்கே நோய், எத்தனை சாவு என்பதைத் தமிழில் அச்சில் படிக்கும் வாய்ப்பு, வாந்திபேதி வந்து அறுபது ஆண்டுகளுக்கும் மேலான பிறகு, காவிரிக் கரையில் பிறந்த ஒருவரால் பெருகியது.

ஆனால் செய்தியைக் கண்டு அஞ்சியவர்களும் இருந்தார்கள். 1896இல் பம்பாயில் பிளேக் வந்ததும் 1897இல் கொள்ளைநோய்ச் சட்டம் வந்தது. வீடு புகுந்து சோதனை, நோயாளியைப் பிரித்துக் கொண்டுபோதல் என்று புனாவில் சிப்பாய்கள் நடந்துகொண்ட விதத்தை எதிர்த்து மக்கள் கொதித்தார்கள். 1897 ஜூனில் பிளேக் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். தம் 'கேசரி' பத்திரிகையில் எழுதியதற்காகத் திலகருக்கு ராஜத்துரோகக் குற்றத்தில் பதினெட்டு மாதச் சிறை. நம் மாகாணத்தில் நோய் கண்ட பகுதியிலிருந்து ரயிலில் வந்தவர் கையில் 'பிளேக் பாஸ்போர்ட்' கொடுத்தார்கள். அதை வைத்துக்கொண்டு நாள்தோறும் ஊர் அதிகாரி முன்னால் போய் நிற்க வேண்டும். கண்காணிப்புக்குத் தேவை இருந்தது. ஏன் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லும் பழக்கம்தான் ஆட்சியிடம் இல்லை. சொல்லாத காரணத்தின் இடத்தில் வதந்தி உட்கார்ந்தது. கிணற்றில் மருந்து போட்டால் விஷம் என்றார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் கொன்றுவிடுவார்கள் என்றார்கள்.

உப்பும் கண்ணாடிக் குப்பியும்

தஞ்சாவூர் ஜில்லாவுக்குக் காலரா மீண்டும் மீண்டும் வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே சிக்கல். மாதிரியைக் கிராமத்தில் எடுத்து, மாட்டுவண்டியில் ரயிலடிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து சென்னை கிண்டியின் கிங் இன்ஸ்டிடியூட் போன்ற ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவதற்குள் கிருமி செத்துவிடும். சோதனையில் ஒன்றும் தெரியாது. காலராவா, சாதாரணப் பேதியா என்று உறுதி சொல்ல முடியாது. உறுதி இல்லாத இடத்தில் மறைப்பும் நடக்கும், பீதியும் கிளம்பும்.

1941இல் வெங்கட்ராமன், ராமகிருஷ்ணன் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு விடை கண்டார்கள். ஒரு லிட்டர் நீரில் 20 கிராம் சாதாரணக் கடல் உப்பு, 5 கிராம் பெப்டோன். காரத்தன்மையைச் சரியான அளவில் நிறுத்தினால் போதும், அந்தக் கரைசலில் காலராக் கிருமி பல வாரங்கள் உயிரோடு இருக்கும். சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி எவ்வளவு தூரத்துக்கும் அனுப்பலாம். அவர்கள் பெயரால் 'வி.ஆர். திரவம்' என்று உலகம் முழுக்கப் பயன்பட்டது. அது உயிர்காக்கும் மருந்து அல்ல. 'உங்கள் ஊரில் வந்திருப்பது இதுதான்' என்று உறுதியாகச் சொல்ல உதவியது. அதன் அருமை அங்கே இருக்கிறது. இதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1939இல், சென்னை மாகாணம் பொதுச் சுகாதாரச் சட்டத்தை நிறைவேற்றியிருந்தது. குடிதண்ணீருக்கும் திருவிழாக் கூட்டத்தின் சுகாதாரத்துக்கும் உள்ளாட்சி பொறுப்பு என்றானது.

நம் காலத்தில்

செய்தி இல்லாத காலத்தைத் தாண்டி, இருபத்துநாலு மணி நேரமும் செய்தி பாயும் காலத்தில் 2020இல் கொரோனா வந்தது. பயம் பழைய வழியிலேயே நடந்தது. டெல்லியில் நடந்த ஒரு மத மாநாட்டுக்குப் போய்வந்தவர்களை முன்னிட்டுத் தொலைக்காட்சிகள் சில ஒரு மதத்தையே நோயாகக் காட்டின. அந்த ஆகஸ்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, அந்த மாநாட்டுக்கு வந்த வெளிநாட்டவருக்கு எதிராக ஊடகங்களில் பெரும் பிரசாரம் நடந்தது, அவர்கள் பலிகடா ஆக்கப்பட்டார்கள் என்று சொன்னது. சென்னையில் நோயில் இறந்த ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் கூட்டம் கல்லெறிந்தது. ஊரார் எல்லைச் சடங்கில் செய்ததை நகரம் மயானத்து வாசலில் செய்தது.

2021 மார்ச்சில் தஞ்சாவூர் மாவட்டம் அம்மாப்பேட்டையில் ஒரு பெண்கள் பள்ளியில் 56 மாணவிகளுக்குத் தொற்று என்று செய்தி வந்தது. அந்தப் பெண்கள் தவறு எதுவும் செய்யவில்லை, பள்ளிக்குப் போனார்கள். சோதித்துப் பார்த்ததால்தான் எண்ணிக்கை தெரிந்தது. எண்ணிக்கை தெரிந்ததால்தான் மற்றப் பள்ளிகளிலும் சோதித்தார்கள். அடுத்த சில நாளில் மாநிலம் முழுக்க 9, 10, 11ஆம் வகுப்புகள் நிறுத்தப்பட்டன. சோதித்துச் சொன்ன ஊரை நோயூர் என்று பேசினால் அடுத்த ஊர் சோதிக்கவே தயங்கும்.

இருநூறு ஆண்டுக் கதையில் எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான். பயப்பட்டதற்காக மக்களைக் குறை சொல்ல முடியாது. ஒரே பகலில் ஆளைக் கொல்லும் நோய்க்குப் பயப்படாதவர் யார்? அந்தப் பயத்துக்கு எதைக் கொடுத்தோம் என்பதுதான் கணக்கு. நோய் எங்கே இருக்கிறது, எத்தனை பேருக்கு, எந்த வழியில் பரவுகிறது, என்ன செய்ய வேண்டும் என்று கொடுத்தபோது மக்கள் தண்ணீரைக் காய்ச்சினார்கள், கிணற்றுக்குச் சுவர் எழுப்பினார்கள், ஊசிக்குக் கை நீட்டினார்கள். எவன் கொண்டுவந்தான், என்ன சாதி, என்ன மதம் என்று கொடுத்தபோது கல் எடுத்தார்கள். முதல் நான்கு கேள்விக்கும் பதில் சொல்லாத அரசும், கடைசி மூன்று கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் ஊடகமும் சாவுக் கணக்கில் பங்காளிகள்.

சரியான செய்தி வந்த பிறகும் ஒன்று மிச்சம் இருந்தது. காய்ச்சிக் குடிக்கச் சொன்னால் விறகு வேண்டும், நல்ல கிணற்றில் எடுக்கச் சொன்னால் அந்தக் கிணறு எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும். ஊர்க்கிணற்றின் கயிற்றைச் சேரியின் கை பிடிப்பதற்குக் காவிரிக் கரையில் எத்தனை போராட்டம் தேவைப்பட்டது என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)